மைனரைத் தந்த அகதி

கிளிநொச்சியில் எங்கள் வளவு மாமரத்தடியில் ஒரு மொறிஸ் மைனரின் கூடு கிடக்கிறது. 2008 கடைசியில் விட்டுவிட்டு இடம்பெயர்ந்தோம். மீள்குடியேறி வந்தபோது எஞ்சினும் இல்லை, சில்லுகளும் இல்லை. அண்மையில் கொழும்பிலிருந்து பழைய கார் சேகரிக்கும் ஒருவர் வந்து அதை விலைக்குக் கேட்டார். தன்னிடம் ஒரு மினி இருப்பதாகவும் இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே என்றும் சொன்னார். அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அலெக் இசிகோனிஸ் 1906இல், ஒட்டோமான் பேரரசின் துறைமுக நகரான ஸ்மிர்னாவில் பிறந்தவர். தந்தை கிரேக்க வழிவந்த பிரித்தானியக் குடிமகன், தாய் ஜேர்மனியர். 1922இல் யுத்தம் நகருக்குள் வந்தபோது குடும்பம் மோல்ட்டாவுக்கு வெளியேற்றப்பட்டது. தந்தை அங்கே இறந்துபோனார். மறு ஆண்டு தாயும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

லண்டன் பற்றர்சீ கல்லூரியில் கணிதப் பரீட்சையில் மூன்று தரம் தவறியவர் அவர். ஆனால் வரைவதில் கெட்டிக்காரர். 1936இல் மொறிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மைனரின் மாதிரிக் கார் ஒடுங்கலாகத் தெரிந்ததால், அதை நடுவே வெட்டி நாலு அங்குலம் அகட்டினார். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளம். நிறுவனத் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்குக் கார் பிடிக்கவில்லை. ஆனாலும் 1948இல் வெளிவந்த மைனர்தான் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார்.

1956 சுயெஸ் நெருக்கடியில் பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. அதன் பிள்ளைதான் 1959இல் பிறந்த மினி. எஞ்சினைக் குறுக்காக வைத்து, முன்சில்லுகளை இழுக்கவிட்டு, பத்தடி நீளத்துக்குள் நாலு பேரை இருத்தினார். மொன்ரே கார்லோ ஓட்டப் போட்டியை அது மூன்று தடவை வென்றது.

சேகரிப்பவர்களுக்கு மினியில்தான் மோகம் அதிகம். எங்கள் றோட்டுகளுக்கோ மைனர்தான் சரி. மினியின் பத்தங்குலச் சில்லு கிடங்குகளில் படாதபாடு படும். மழைத்தண்ணி தெறித்து எஞ்சின் நின்றுபோவதும் ஆரம்பகால மினிகளின் குறை. மைனரின் பொனற்றைத் திறந்தால் கை தாராளமாக உள்ளே போகும்.

1990களில் வன்னிக்குப் பெற்றோல் தடை இருந்தபோது, சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுவிட்டு ஸ்ராட் பண்ணுவார் அப்பா. எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓடும். புகை கண்ணை எரிக்கும். நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்று வலி கண்ட எத்தனையோ பெண்களை அந்தக் கார்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தது.

1969இல் சேர் பட்டம் பெற்ற இசிகோனிஸ் 1988இல் காலமானார். ஊர் இழந்து வந்தவரின் கார், ஊர் இழந்தவர்களுக்கும் உழைத்திருக்கிறது.

மரத்தடியில் விட்டால் இன்னும் சில மாரிக்குள் கூடு உக்கிப்போகும். அவரிடம் போனால் திரும்ப ஓடும். கொடுக்கச் சம்மதித்தேன். டிக்கிக்குள் மண்ணேறிக் கிடந்த அந்தச் சின்னப் போத்தலை மட்டும் எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன்.