‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம்: மாஸ்கோ வாசல் வரை சென்ற கோல் காவலர்

செந்தூல் – மலேசியக் காற்பந்தின் பொற்காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், நம் வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் பெயர் ஆர்.ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பாய்ந்து பிடித்ததால் ‘ஸ்பைடர்மேன்’ என்று மூவின ரசிகர்களும் செல்லமாக அழைத்த கோல் காவலர் அவர். நாட்டை ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெறச் செய்த அணியில் இருந்தும், ஒலிம்பிக் திடலில் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாமல் போனவரும் அவரே.

1953 ஜனவரி 31-ஆம் தேதி, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட போர்ட் கிள்ளானில் அவர் பிறந்தார். கிள்ளான் துறைமுகமானாலும், செந்தூல் ரயில்வே பட்டறையானாலும், ரப்பர் தோட்டமானாலும், வேலை முடிந்த மாலையில் நம்மவர்கள் கூடிய இடம் பந்துத் திடல்தான்.

ஆறுமுகம் குழந்தையாக இருந்தபோது நாடும் அதன் காற்பந்து அணியும் இளமையாகவே இருந்தன. சுதந்திரப் பிரகடனத்துக்கு முதல் நாள், 1957 ஆகஸ்டு 30-இல், மெர்டேக்கா அரங்கம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மெர்டேக்கா காற்பந்துப் போட்டியும் தொடங்கியது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானே காற்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1958, 1959 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மலாயா அந்தக் கிண்ணத்தை வென்றது. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் கிடைத்தது. 1972-இல் எம்.சந்திரன் தலைமையில் மலேசியா மூனிக் ஒலிம்பிக்கில் களமிறங்கி, அமெரிக்காவை 3-0 என்று தோற்கடித்தது.

மூனிக்கிற்குப் பிறகு உருவான புதிய அணியில்தான் ஆறுமுகம் இடம்பிடித்தார். 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வட கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா வெண்கலம் பெற்றபோது, 21 வயது இளைஞராக அவர் அணியில் இருந்தார். 1977-இல் கோலாலம்பூரிலும் 1979-இல் ஜகார்த்தாவிலும் நடந்த சீ விளையாட்டுப் போட்டிகளில் மலேசியா தங்கம் வென்றது. அந்த ஆண்டுகளில் முன்னணியில் மொக்தார் டஹாரி கோல் போட்டார். தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆறுமுகம். மலாய்க்காரர், சீனர், சீக்கியர், தமிழர் என்று ஒரே சட்டையில் நின்ற அணி அது.

கோல் காவலரின் வேலை விசித்திரமானது. பிடித்த பத்துப் பந்துகளை ஊர் மறந்துவிடும். விட்ட ஒரு பந்தை மறக்காது. அந்தச் சுமையை ஆண்டுக்கணக்கில் சுமந்தார் ஆறுமுகம். வெளிநாட்டுக் கிளப், தேர்வு அணிகளுக்கு எதிரான ஆட்டங்களையும் சேர்த்தால், நாட்டுக்காக அவர் கிட்டத்தட்ட 200 ஆட்டங்களில் விளையாடினார். மலேசியக் கிண்ணத்தில் சிலாங்கூர் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அந்த மாநில அணிக்கும் அவரே காவல்.

1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி, ரசிகர்கள் நிரம்பி வழிந்த மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவுடன் இறுதி மோதல். ஆட்டம் முடியும் வேளையில் ஹசான் சானி தந்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்க, மலேசியா 2-1 என்று வென்றது. மாஸ்கோ செல்லும் தகுதி கிடைத்தது.

ஆனால் அணி மாஸ்கோ போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து, அமெரிக்கா ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது. மலேசிய அரசாங்கமும் அதில் சேர்ந்துகொண்டது. மலேசியாவின் இடத்தில் ஈராக் விளையாடி, காலிறுதி வரை சென்றது. அப்போது ஆறுமுகத்துக்கு வயது 27. ஒரு கோல் காவலருக்கு அனுபவமும் உடல் வலுவும் ஒன்றுகூடும் வயது அது. தோற்று வீடு திரும்பினால் அடுத்த முறை பார்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வென்ற பிறகு கிடைத்த ஏமாற்றத்துக்கு அந்த ஆறுதலும் இல்லை.

அதற்குப் பிறகும் ஆறுமுகம் விளையாடிக்கொண்டுதான் இருந்தார். 1988 டிசம்பர் 18-ஆம் தேதி நடந்த ஒரு சாலை விபத்து அவர் உயிரைப் பறித்தது. 36 வயது நிறைய இன்னும் ஆறு வாரங்களே இருந்தன. மூன்றே ஆண்டுகளில் மொக்தார் டஹாரியும் நோயால் காலமானார். பொற்கால அணியின் இரண்டு பெரும் தூண்கள் நடுவயதைத் தொடும் முன்பே சாய்ந்துவிட்டன.

2016-இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படம் 1980 அணியின் கதையைத் தழுவியது. கற்பனை கலந்த அந்தப் படத்தில் வரும் கோல் காவலர் முத்துகுமாரைப் பார்த்தபோது, பழைய ரசிகர்களுக்கு ஆறுமுகம்தான் நினைவுக்கு வந்தார். அவர் ஆட்டத்தைப் பார்த்திராத பிள்ளைகள் பலருக்கு அந்தப் படமே அவரை அறிமுகப்படுத்தியது.

அந்த ஏப்ரல் இரவுக்குப் பிறகு மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவே இல்லை. மூனிக்தான் இன்றுவரை நாம் விளையாடிய ஒரே ஒலிம்பிக். இன்று செந்தூலிலும் கிள்ளானிலும் கையுறை மாட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்கு நடுவே நிற்கும் நம் பிள்ளைகளிடம் ஆறுமுகத்தின் பெயரைச் சொல்லிவைப்பது பெரியவர்களின் கடமை. போர்ட் கிள்ளானில் பிறந்த ஒரு தமிழர் இந்த நாட்டின் கோலைக் காத்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.