சித்திலெப்பை என்ற புறக்டரும் நம் பெண்பிள்ளைகளும்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அறிஞர் சித்திலெப்பை என்றால் இரண்டு விடைகள்: 1882 இல் தொடங்கிய முஸ்லிம் நேசன் பத்திரிகை, 1885 இல் வந்த அஸன்பேயுடைய கதை. அவர் தொழிலால் சட்டம் தெரிந்தவர் என்பதை யாரும் கேட்பதில்லை.

1838 இல் கண்டியில் பிறந்தவர். வாப்பா புறக்டர்; மகனும் 1862 இல் அதே தொழிலுக்கு வந்தார். கண்டி மாநகர சபையிலும் இருந்தார். வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ கைக்காசைப் பத்திரிகையிலும் பள்ளிக்கூடத்திலும் போட்டார். ஆங்கிலப் படிப்பு பிள்ளைகளின் ஈமானைக் கெடுத்துவிடும் என்று சமூகம் பயந்த காலம். பயம் வீணானதல்ல, அன்று பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமார் கையில் இருந்தன. அதனால் அவர் பயந்தவர்களைத் திட்டிக்கொண்டிராமல், நம்முடைய பாடசாலையை நாமே தொடங்கலாம் என்றார். பிரித்தானியர் நாடுகடத்தி 1883 இல் இங்கு வந்துசேர்ந்த எகிப்தின் ஒராபி பாஷாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1891 இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை திறந்து, தன் சகோதரி முத்து நாச்சியாவிடம் பொறுப்பைக் கொடுத்தார். வேறு வீட்டுப் பெண்ணைத் தேடவில்லை பாருங்கள். மறுவருடம் கொழும்பில் தொடங்கியதுதான் இன்றைய ஸாஹிரா. 1898 இல் அறுபது வயது நிறையுமுன் மௌத்தானார்.

பெண்பிள்ளைகளின் கத்னா பற்றிய எந்தக் கருத்தையும் அவர் தலையில் நான் கட்டவில்லை. ஆனால் அவர் எழுத்தறிவித்த பெண்களின் வழிவந்தவர்கள்தான் இன்று கேள்வி கேட்கிறார்கள். என்னிடம் படித்த ஒருத்தி, இப்போது ஒரு பிள்ளையின் தாய், நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது ஒஸ்தா மாமியைக் கொண்டு தனக்குச் செய்யப்பட்டதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்று கேட்டாள்.

இடம் மிகக் குறைவு. 2018 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபம் வைத்தியர்களைத்தான் தடுக்கிறது. வீட்டுக்கு வரும் பிளேடை அல்ல. இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் காயம் விளைவித்தல் பற்றிய பிரிவுகள் உண்டு. ஆனால் கொலை, இராஜதுரோகம் போன்றவை தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை 20 வருடத்தில் காலாவதியாகிறது. தொட்டிலில் நடந்ததை ஒரு பெண் புரிந்து, வாய்திறக்கத் துணியும்போது அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. பிரான்சில் காலவரையறை 30 வருடம், அதையும் பதினெட்டு வயதிலிருந்தே எண்ணுகிறார்கள்.

நம்மில் பெரும்பாலோர் ஷாபி மத்ஹபினர், அந்நூல்களில் இது வாஜிப் என்ற கருத்து இருக்கிறது. மறைத்துப் பேசிப் பயனில்லை. அதே மத்ஹபைச் சேர்ந்த எகிப்தின் முப்தி அலி ஜும்ஆ 2007 இல் இதை ஹராம் என்று அறிவித்தார். ஒராபி பாஷாவின் அந்த நாடு 2008 இல் குற்றமாக்கியது.

இன்னொரு பயமும் உண்டு. சுற்றுநிருபம் வந்த அதே 2018 இல்தான் திகனயில் நம் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. இதைப் பேசினால் எதிரி கையில் தடி கொடுத்ததாகும் என்று என் ராத்தாவே சொல்கிறார். அதற்காகத்தான் சொல்கிறேன், பிறர் நம் மீது திணிக்குமுன் நம் சட்டத்தரணிகளும் பாராளுமன்ற உறுப்பினர்களுமே இந்தத் திருத்தத்தைக் கேட்கட்டும்: காலவரையறை பதினெட்டிலிருந்து எண்ணப்பட வேண்டும், வீட்டில் செய்வதும் தடைக்குள் வர வேண்டும், முறையிடுபவளின் பெயர் வெளிவரக் கூடாது. ஒஸ்தா மாமிமாரில் அநேகர் வயதான ஏழைப் பெண்கள். அவர்களைச் சிறைக்கு அனுப்புவதை விட, வேறு வருமானத்துக்கு வழிசெய்வதைப் பள்ளி நிர்வாகங்கள் இந்த வருடமே தொடங்கலாம்.