இரைச்சலோடு போரிட்ட எட்வின் ஆம்ஸ்ட்ராங்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போருக்கு இது பழகிப்போன அனுபவம். மாலையில் மத்திய அலையைத் திருப்பிச் செய்தி கேட்க உட்காருவோம். அடுத்த பட்டறையில் வெல்டிங் தொடங்கும். உடனே செய்தி வாசிப்பவரின் குரல் அமிழ்ந்து கரகரவென்ற ஓசை மட்டுமே மிஞ்சும். ஆவடி வழியாக ஓடும் மின்சார ரயிலின் மேற்கம்பியில் பொறி பறந்தாலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பழைய ஸ்கூட்டர் ஒன்று வீட்டைக் கடந்தாலும், ஐப்பசி மாதத்து இடி எங்கோ தொலைவில் முழங்கினாலும் இதே கதிதான். அயல்நாடுகளில் லாரி ஓட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. வானொலிக்கும் முதற்பகை இந்த இரைச்சலே. ஆனால் அதே பெட்டியில் எஃப்.எம். அலைவரிசைக்கு முள்ளைத் திருப்புங்கள். வெல்டிங் நடந்துகொண்டே இருக்கும், பாட்டு தெளிவாக வரும். இந்த வேறுபாட்டை உலகுக்குத் தந்துவிட்டு, அதன் பயனைக் காணாமலே மறைந்த ஒருவரின் வரலாறு இது.

எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங் 1890 டிசம்பர் 18 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை ஒரு நூல் வெளியீட்டு நிறுவனத்தின் அலுவலர்; தாய் ஆசிரியையாக இருந்தவர். எட்டு வயதளவில் கண்ட ஒரு நரம்பு நோயால் சிறுவன் இரண்டாண்டுகள் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டில் இருக்க நேர்ந்தது. நோய் நீங்கியும் தோளும் முகமும் தாமாகத் துடிக்கும் வழக்கம் வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. மார்க்கோனியின் கதையைப் படித்த நாள் முதல் கம்பியில்லாத் தந்தியே அவருடைய கனவாயிற்று. யாங்கர்ஸ் என்னும் ஊரில் தம் வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயரக் கம்பம் ஒன்றைத் தாமே எழுப்பி, அதன் உச்சியில் ஏறி ஏரியல் கட்டினார். உயரத்தைக் கண்டு அவர் ஒருநாளும் அஞ்சியதில்லை.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் மாணவராக இருந்தபோதே, அதாவது நம்மைப் போல் வகுப்புக்கும் தேர்வுக்கும் இடையில் அலைந்துகொண்டிருந்த வயதிலேயே, 1912ஆம் ஆண்டு அவர் தம் முதற் கண்டுபிடிப்பைச் செய்தார். வால்வின் வெளியீட்டில் ஒரு பகுதியைத் திரும்ப அதன் உள்ளீட்டுக்கே ஊட்டினால் மெல்லிய சைகை பன்மடங்கு வளர்கிறது என்று கண்டார். அதுவரை காதுக்குழாயைச் செவியில் அழுத்திக்கொண்டு கேட்க வேண்டியிருந்த அயல்நாட்டு நிலையங்கள் அறை முழுதும் கேட்டன. காப்புரிமைக்குப் பணம் தேவைப்பட்டது. பட்டம் பெற்ற பிறகு பார்க்கலாம் என்று தந்தை மறுத்துவிட்டார். ஆகவே 1913 ஜனவரி 31 அன்று வரைபடத்தில் மட்டும் சான்றுரைஞரின் முத்திரையைப் பெற்று வைத்தார். விண்ணப்பம் போனது அவ்வாண்டு அக்டோபரில். இந்தத் தாமதம் அவரைப் பின்னாளில் வெகுவாகப் படுத்தியது. வால்வைக் கண்டுபிடித்த லீ டி ஃபாரஸ்ட் தாமே முந்தியவர் என்று வழக்காடினார். இருபதாண்டு நடந்த அந்த வழக்கில் 1934இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் டி ஃபாரஸ்ட்டின் பக்கம் தீர்ப்பளித்தது. மனமுடைந்த ஆம்ஸ்ட்ராங், இதே கண்டுபிடிப்புக்காக வானொலிப் பொறியாளர் கழகம் தமக்கு அளித்திருந்த பதக்கத்தைத் திருப்பித் தர முன்வந்தார். கழகமோ வாங்க மறுத்து, அவருடைய தகுதியை மீண்டும் உறுதிசெய்தது. நீதிமன்றம் ஒன்று சொல்ல, விஷயம் தெரிந்தவர்கள் வேறொன்று சொன்னார்கள்.

இடையில் முதல் உலகப்போர் வந்தது. பிரான்சில் அமெரிக்கப் படையின் சைகைப் பிரிவில் அதிகாரியாக இருந்தபோது 1918இல் சூப்பர் ஹெட்டரோடைன் என்னும் ஏற்பியை அமைத்தார். வரும் அலை எதுவாயினும் அதை ஒரே நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொண்டு, அங்கே பெருக்கி, வேண்டாத நிலையங்களை வடிகட்டும் முறை அது. நம் வீட்டு வானொலியும் சி.பி. பெட்டியும் அந்த முறையில்தான் வேலை செய்கின்றன. அந்த உரிமைகளை விற்றதில் முப்பது வயதுக்குள் பெருஞ்செல்வர் ஆனார். ஆர்.சி.ஏ. நிறுவனத் தலைவர்களுள் ஒருவரான டேவிட் சார்னாஃபின் செயலாளராகப் பணியாற்றிய மேரியன் என்பவரை 1923இல் மணந்தார். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய சூப்பர் ஹெட்டரோடைன் வானொலி ஒன்றைத் தாமே செய்து மனைவிக்கு மணப்பரிசாக அளித்தார் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

நிற்க. செல்வமும் புகழும் வந்தபின் ஓய்ந்திருக்கலாம். ஆனால் தம் ஆசான் மைக்கேல் பியூபினுடன் இளமையில் தொடங்கிய ஒரு கேள்வி அவரை விடவில்லை. வானில் மின்னலும் தரையில் மின்பொறியும் எழுப்பும் இந்த இரைச்சலை எப்படித் தொலைப்பது என்பதே அக்கேள்வி.

அக்காலத்து ஒலிபரப்பில் குரலுக்கு ஏற்ப அலையின் வீச்சு கூடிக் குறையும். இரைச்சலும் வீச்சில்தான் போய்ச் சேர்கிறது. பாலில் கலந்த தண்ணீரைப் போல இரண்டையும் பிரிப்பது அரிது. ஆகையால் அலைவரிசையைக் குறுக்கிக் குறுக்கி இரைச்சலின் வழியை அடைப்பதே பொறியாளர்களின் ஒரே உபாயமாக இருந்தது. வீச்சுக்குப் பதில் அதிர்வெண்ணை மாற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. ஆனால் கணித அறிஞர் ஜான் கார்சன் 1922இல் அதனால் ஆதாயம் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். அவருடைய கணக்கு தவறில்லை. அது குறுகிய அலைவரிசையைப் பற்றிய கணக்கு.

ஆம்ஸ்ட்ராங் எல்லோரும் போன திசைக்கு எதிர்த்திசையில் போனார், அலைவரிசையை அகலமாக்கினார். இதை ஓர் உவமையால் விளக்கலாம். குலுங்கி ஓடும் பேருந்தின் கடைசி இருக்கையில் இருக்கும் நண்பன் லேசாகத் தலையை அசைத்தால், அது அவன் அசைத்ததா, பேருந்து குலுக்கியதா என்று சாலையில் நிற்கும் நமக்குத் தெரியாது. கையை நீட்டி அகலமாக வீசினால் ஐயமே இல்லை. இரைச்சல் அதிர்வெண்ணையும் சிறிது அசைக்கத்தான் செய்யும்; ஆனால் குரல் அதைப் பேரளவில் அசைத்தால் இரைச்சலின் பங்கு அற்பமாகிவிடும். வீச்சில் ஏறிய அழுக்கை ஏற்பியிலுள்ள மட்டுப்படுத்தி என்னும் பகுதி, மரக்கால் நெல்லைத் தலைதட்டுவதுபோல் தட்டிவிடும். நம் நாட்டு மத்திய அலையில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் தான் இடைவெளி. எஃப்.எம். நிலையம் ஒவ்வொன்றும் நடுவிலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஊசலாடுகிறது. இத்தனை இடம் உயர்ந்த அதிர்வெண்களில்தான் கிடைக்கும். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: சைகை ஓர் எல்லைக்குக் கீழே மெலிந்துவிட்டால் எஃப்.எம். முறையும் கைவிட்டுவிடும், அப்போது இரைச்சலே வெல்லும்.

இதற்கான அடிப்படைக் காப்புரிமைகள் 1933 டிசம்பர் 26 அன்று அவருக்குக் கிடைத்தன. மறு ஆண்டு ஜூனில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஆர்.சி.ஏ.வின் இடத்தில் சோதனை தொடங்கிற்று. சுமார் 70 மைலுக்கு அப்பால், பழைய முறையில் கேட்டால் இரைச்சலும் புதிய முறையில் கேட்டால் இசையுமாக இருந்தது. ஆனால் சார்னாஃபின் நாட்டம் தொலைக்காட்சியின்மேல் இருந்தது. 1935இல் கருவிகளை அகற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் தளரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 5 அன்று பொறியாளர் கழகக் கூட்டத்தில், யாங்கர்ஸிலிருந்த நண்பர் ஒருவரின் வீட்டு நிலையத்திலிருந்து ஒலிபரப்பிக் காட்டினார். தம்ளரில் தண்ணீர் ஊற்றும் ஓசையும் தாளைக் கசக்கும் ஓசையும் அரங்கில் அப்படியே கேட்டன. கேட்டவர்கள் அனைவரும் பொறியாளர்கள். ஆகவே அவர்கள் வியந்ததற்கு மதிப்பு அதிகம்.

பிறகு நியூஜெர்சியில் ஆல்பைன் என்னுமிடத்தில் ஹட்சன் ஆற்றங்கரைக் குன்றின்மேல் 400 அடிக்கு மேற்பட்ட கோபுரத்தைத் தம் சொந்தச் செலவில் எழுப்பினார். எஃப்.எம். நிலையங்கள் மெல்லப் பெருகின. உலகப்போரின்போது தம் காப்புரிமைகளை நாட்டின் படைக்குக் கட்டணமின்றி வழங்கினார். ஆனால் 1945இல் அரசு ஆணையம் எஃப்.எம். ஒலிபரப்பை 42–50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 88–108க்கு மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே ஆணையில் பயனற்றுப் போயின. இதற்குமுன் 1940இல் ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலர் மொத்தமாகத் தர முன்வந்தது. மற்ற நிறுவனங்களைப் போல விற்பனையில் பங்கு தர வேண்டும் என்று அவர் மறுத்திருந்தார். தம் முறையை அந்நிறுவனம் உரிமைத்தொகை தராமலே கையாளுகிறது என்று 1948இல் வழக்குத் தொடர்ந்தார். காலம் கடந்தது, காப்புரிமைகள் காலாவதியாயின, கைப்பொருள் கரைந்தது, உடல் நலம் குன்றியது. வீட்டிலும் பிணக்கு. 1954 ஜனவரி 31 இரவு, மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். முதற் கண்டுபிடிப்பின் வரைபடத்தில் முத்திரை பெற்ற அதே தேதி. இடையில் சரியாக 41 ஆண்டுகள். பிடிவாதக்காரர் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு. அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் 1922ஆம் ஆண்டுக் கணக்கோடு அவரும் நின்றிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேரியன் அம்மையார் வழக்குகளைக் கைவிடவில்லை. 1954 இறுதியில் ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கடைசி வழக்கு, மோட்டோரோலா நிறுவனத்தோடு நடந்தது, 1967இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது.

நம் ஊருக்கும் இக்கதைக்கும் தொடர்பு உண்டு. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924இல் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, ஆம்ஸ்ட்ராங் நியூயார்க்கில் இரைச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பும் 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. சி.பி. வானொலிக்கோ அவருடைய முறை தாமதமாகவே வாய்த்தது. பிரிட்டன் 1981இல் எஃப்.எம். முறையிலேயே அதைச் சட்டபூர்வமாக்கிற்று, அவர் பிறந்த அமெரிக்கா 2021இல்தான் அனுமதித்தது. ஆல்பைன் கோபுரம் அவருக்குப் பின்னும் நின்றது. 2001 செப்டம்பரில் உலக வர்த்தக மையம் வீழ்ந்து அதன் உச்சியிலிருந்த ஏரியல்களும் அழிந்தபோது, நியூயார்க்கின் தொலைக்காட்சி நிலையங்கள் சில அந்தக் கோபுரத்திலிருந்துதான் மீண்டும் ஒளிபரப்பின.