கைவிடாத கரம்



பதின்ம வயதை எட்டிய பிறகும் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க இயலாத பிள்ளைகள் இருக்கின்றார்கள். பேச்சு திருத்தமாக வராததால் நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே அஞ்சுகின்ற பிள்ளைகளும் இருக்கின்றார்கள். அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்களின் உள்ளத்தில் ஒரு கேள்வி ஓயாமல் அரித்துக்கொண்டே இருக்கும். சின்ன வயதில் கவனிக்காமல் விட்டுவிட்டோமே, இனிப் பயிற்சி கொடுத்து என்ன பயன் என்பதே அக்கேள்வி. இதற்கு விடை தேடும்போது, அமெரிக்க நாட்டில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கை நம் நினைவுக்கு வருகின்றது. அவர்தான் ஆன் சல்லிவன். ஹெலன் கெல்லரின் ஆசிரியை என்று உலகம் அவரை அறியும். ஆனால் 14 வயது வரை அவருக்கே எழுதப் படிக்கத் தெரியாது என்பதைப் பலர் அறியார்.

ஆன் சல்லிவன் 1866ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபீடிங் ஹில்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் கத்தோலிக்கர்கள். ஐந்து வயதளவில் டிரக்கோமா என்ற கண்நோய் அவரது பார்வையைப் பெரும்பாலும் பறித்தது. எட்டு வயதில் தாயை இழந்தார். குடிக்கு அடிமையான தந்தை பிள்ளைகளைக் காக்க இயலாமல் விட்டுச் சென்றார். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஆனும், இடுப்பு எலும்பில் நோய் கண்ட அவருடைய தம்பி ஜிம்மியும் டியூக்ஸ்பரி என்ற ஊரிலிருந்த அரசு ஏழையர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார்கள். சில மாதங்களிலேயே தம்பி இறந்துபோனான். முதியோரும் நோயாளிகளும் மனநலம் குன்றியோரும் நெருக்கமாக அடைக்கப்பட்டிருந்த அந்த இல்லத்தில், கண் தெரியாத அச்சிறுமி தனித்து நின்றார்.

அங்கே வந்து சென்ற கத்தோலிக்க அருள்பணியாளர் ஒருவர் சிறுமியின் நிலையைக் கண்டு, அருட்சகோதரிகள் நடத்திய மருத்துவமனையில் 1877ஆம் ஆண்டு அவருக்குக் கண் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். அது பலன் தரவில்லை. ஆன் மீண்டும் ஏழையர் இல்லத்திற்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஆயினும் பார்வையற்றோருக்கெனப் பள்ளிகள் உண்டு என்ற செய்தியை அங்கிருந்த ஒருவர் வாயிலாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அந்த ஒரு செய்தியை அவர் பற்றிக்கொண்டார். 1880ஆம் ஆண்டு மாநில அறநிலைய வாரியத்தைச் சேர்ந்த பிராங்க் சான்பார்ன் இல்லத்தைப் பார்வையிட வந்தபோது, அந்தக் கூட்டத்தின் நடுவே சென்று, தான் பள்ளிக்குப் போக வேண்டும் என்று உரக்கக் கேட்டார் ஆன். அவ்வாண்டு அக்டோபர் மாதம் பாஸ்டன் நகரின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது.

பள்ளியில் அவருக்குக் கிடைத்த முதல் அனுபவம் அவமானமே. 14 வயதுப் பெண், எழுத்தே தெரியாமல் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு அமர்ந்து அரிச்சுவடி கற்க வேண்டியிருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அவரது தவறுகளைக் கண்டு நகைத்தார்கள். முன்கோபியான ஆன் ஆசிரியர்களையும் எதிர்த்துப் பேசினார். ஆனால் ஒருசிலர் அவரைப் புரிந்துகொண்டார்கள். மாணவியரைக் கவனித்துக்கொண்ட சோபியா ஹாப்கின்ஸ் என்ற அம்மையார், விடுமுறையில் போக வீடில்லாத அப்பெண்ணைத் தம் வீட்டுக்கே அழைத்துச் சென்றார். 1881, 1882ஆம் ஆண்டுகளில் நடந்த அறுவை சிகிச்சைகளால் அச்செழுத்துகளைப் படிக்கும் அளவுக்குப் பார்வையும் ஓரளவு திரும்பியது. ஆறே ஆண்டுகளில், 1886ஆம் ஆண்டு, வகுப்பின் சார்பில் பிரியாவிடை உரை ஆற்றும் முதல் மாணவியாக அவர் பள்ளியை முடித்தார். காலம் கடந்துவிட்டது என்று நாம் சொல்லக்கூடிய வயதில்தான் அவருக்குக் கல்வியே தொடங்கியது என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும்.

1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியா ஊரில், கண்பார்வையும் செவிப்புலனும் இழந்த ஆறு வயது ஹெலன் கெல்லரின் வீட்டுக்கு ஆன் ஆசிரியையாக வந்தார். தண்ணீர்க் குழாயடியில் ஹெலனுக்குச் சொல்லின் பொருள் விளங்கிய நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அதன்பின் ஆன் வாசிப்பைக் கற்பித்த முறை அதிகம் பேசப்படுவதில்லை. கால அட்டவணை போட்டுப் பாடம் நடத்துவதை அவர் விரைவிலேயே கைவிட்டார். தாய் தன் குழந்தையோடு பேசுவதுபோல, முழு வாக்கியங்களையே ஹெலனின் உள்ளங்கையில் விரல்களால் எழுத்துக்கூட்டிப் பேசினார். புடைத்த எழுத்துகள் பொறித்த அட்டைத் துண்டுகளை அந்தந்தப் பொருளின்மேல் வைத்துக் காட்டினார். எல்லாச் சொல்லும் விளங்கும்வரை காத்திராமல் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். தெரிந்த சொற்களைத் தேடித் தேடி மகிழ்ந்த ஹெலன், வாசிப்பைச் சுமையாக அல்ல, விளையாட்டாகவே கற்றுக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சியோ இவ்வளவு எளிதாக அமையவில்லை. 1890ஆம் ஆண்டு, பத்து வயதை நெருங்கிய ஹெலன், வாயால் பேசக் கற்றே தீர வேண்டும் என்று விரும்பினார். பாஸ்டனில் காது கேளாதோருக்கான ஹோரஸ் மான் பள்ளியின் தலைமை ஆசிரியை சாரா ஃபுல்லர், ஹெலனின் கையைத் தம் முகத்தின்மேல் வைத்து, ஒலி எழும்போது நாவும் உதடும் எப்படி அசைகின்றன என்பதைத் தொட்டு உணரச் செய்தார். முதல் ஒரு மணி நேரத்தில் ஆறு ஒலிகள், மொத்தம் 11 பாடங்கள். அதன்பின் நாள்தோறும் பயிற்சி அளிக்கும் பொறுப்பு ஆனின் தோள்களில் விழுந்தது. ஒரே சொல்லையும் ஒரே ஒலியையும் மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஹெலன் சோர்ந்து போவார், மீண்டும் தொடங்குவார்.

1894 முதல் 1896 வரை, அதாவது 14 வயது முதல் 16 வயது வரை, நியூயார்க் நகரின் ரைட்-ஹியூமேசன் பள்ளியில் ஹெலன் குரல் பயிற்சியும், உதடுகளைத் தொட்டுப் பேச்சை அறியும் பயிற்சியும் பெற்றார். ஆன் எப்போதும் உடனிருந்தார். எல்லாரும் எதிர்பார்த்த அளவு முன்னேற்றம் கிடைக்கவில்லை. எனினும் 1896ஆம் ஆண்டு ஜூலை மாதம், காது கேளாதோர்க்குப் பேச்சு கற்பிக்கும் ஆசிரியர்களின் மாநாட்டில் 16 வயது ஹெலன் தம் சொந்தக் குரலில் உரையாற்றினார்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் கேம்பிரிட்ஜ் நகரப் பெண்கள் பள்ளியில் அவர் சேர்ந்தார். ஆன் அருகில் அமர்ந்து பாடங்களை எல்லாம் கையில் எழுத்துக்கூட்டிச் சொன்னார். 1897ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனை வந்தது. ஆன் மாணவியை அளவுக்கு மீறி உழைக்க வைக்கின்றார் என்று எண்ணிய பள்ளித் தலைவர் ஆர்தர் கில்மன், இருவரையும் பிரிக்க முயன்றார். ஹெலனின் தாயும் முதலில் அதற்கு இணங்கினார். பின்னர் நேரில் வந்து மகளின் கண்ணீரைக் கண்டு மனம் மாறினார். மகளைப் பள்ளியிலிருந்து விலக்கி, ஆசிரியையோடே இருக்க விட்டார். தனி ஆசிரியர் ஒருவரிடம் படித்து, 1900ஆம் ஆண்டு ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்த ஹெலன், 1904ஆம் ஆண்டு சிறப்புடன் இளங்கலைப் பட்டம் பெற்றார். பார்வையும் செவியும் இல்லாத ஒருவர் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. பிரெயிலில் கிடைக்காத புத்தகங்களை எல்லாம் வாசித்து அவர் கையில் சொல்லிச் சொல்லி, ஆனின் பலவீனமான கண்கள் மேலும் பழுதடைந்தன.

இங்கே ஓர் உண்மையை நாம் மறைக்கக் கூடாது. ஹெலனின் பேச்சு, பழகாதவர்களுக்கு எளிதில் புரியும் அளவுக்குக் கடைசிவரை தெளிவு பெறவே இல்லை. முதலில் குரலை எழுப்பும் உறுப்புகளுக்குப் பயிற்சி தந்து, அதன்பின் உச்சரிப்பைக் கற்பித்திருக்க வேண்டும் என்பதைப் பிற்காலத்தில்தான் அவர்கள் உணர்ந்தார்கள். 1910ஆம் ஆண்டு வாக்கில் சார்ல்ஸ் ஒயிட் என்ற இசை ஆசிரியரிடம் ஹெலன் புதிதாகக் குரல் பயிற்சி தொடங்கினார். 1913ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மான்ட்கிளேர் நகரில் மேடையேறிப் பேசியபோது, தோற்றுவிட்டதாக எண்ணி அழுதார். ஆயினும் மேடையை விட்டுவிடவில்லை. ஆன் முன்னுரை சொல்லி உடன் நிற்க, ஆண்டாண்டு காலம் ஊர் ஊராகச் சென்று பேசினார்.

ஆன் குறையற்றவர் அல்லர். கோபக்காரர், மனச்சோர்வுக்கும் ஆளானவர், பிறந்த மறையின் வழக்கங்களைப் பின்னாளில் கைக்கொண்டவரும் அல்லர். ஆனால் பிடித்த கையை அவர் விடவில்லை. 1936ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், பார்வையை முற்றிலும் இழந்த நிலையில் அவர் இறந்தபோது, அவரது கையைப் பற்றியிருந்தவர் ஹெலன்தான். 49 ஆண்டுகளுக்கு முன் அவர் எழுத்துக்கூட்டிய அதே கை.

அன்புக்குரிய பெற்றோரே, பேச்சுப் பயிற்சியும் வாசிப்புப் பயிற்சியும் பதின்ம வயதில் தொடங்கினால் வீண் என்று எண்ண வேண்டாம். முறையாகப் பயின்ற பயிற்சியாளரை நாடுவோம். பலன் உடனே தெரியாவிட்டால் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவன் தொடங்கிய சொல்லை நாமே முடித்துவிடாமல், அவன் வாயிலிருந்தே அது வரும்வரை காத்திருப்போம். தம்பி தங்கையோடு ஒப்பிட்டுப் பேசாதிருப்போம். அவனால் வாசிக்க முடியாத நல்ல புத்தகத்தை நாம் வாசித்துக் காட்டுவோம். வாசிப்பு தாமதமானாலும் அறிவு தாமதமாக வேண்டியதில்லை. காது கேளாத, திக்கிப் பேசிய மனிதரை ஆண்டவர் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றுதான் தொட்டார் என்பதையும் நினைவில் கொள்வோம். பலர் முன் நிறுத்திப் பிள்ளையைச் சோதிப்பது பயிற்சி ஆகாது.

நம் பிள்ளையின் நாக்கு முழுமையாகத் திருந்தலாம், திருந்தாமலும் போகலாம். ஆனால் தன் கையை ஒருவர் விடவே இல்லை என்ற உறுதி அவனுக்கு இருக்குமானால், தடுமாறும் குரலோடும் அவன் எழுந்து நிற்பான். அந்த உறுதியை இன்றே அவனுக்குக் கொடுப்போம்.