வெள்ளிப் பேழையில் சவேரியார்

பழைய கோவாவில் பாம் ஜீசஸ் என்ற கத்தோலிக்க ஆலயம் இருக்கிறது. செம்புறைக் கல்லால் கட்டியது. 1605-ல் அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே உயரமான பளிங்கு மேடை. அதன் மீது ஒரு வெள்ளிப் பேழை. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பேழைக்குள் இருப்பது பிரான்சிஸ் சவேரியாரின் உடல்.

வெள்ளிப் பேழையில் உறங்கும் இவர் உயிர் விட்டது, ஒரு கடலோரக் குடிசையில்!

சவேரியார் 1506-ல் நவார் ராஜ்யத்தில் ஒரு கோட்டையில் பிறந்தார். அது இன்றைய ஸ்பெயினின் வடக்கே உள்ளது. பெரிய இடத்துப் பிள்ளை. பாரிஸ் நகரில் படித்தார். அங்கே இக்னேஷியஸ் லயோலாவின் நட்பு கிடைத்தது. பதவி ஆசை போயிற்று. துறவியானார். 1541-ல் லிஸ்பனில் கப்பல் ஏறினார். கோவா வந்து சேர 13 மாதம் ஆயிற்று!

மணி ஓசை

அதே 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்குள்ள பரதவர்கள் முன்பே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆனால் ஜெபம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர்களை உட்கார வைத்து, ஜெபங்களைத் தமிழில் எழுதச் செய்தார். அவற்றை மனப்பாடம் செய்தார். மணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அடித்துப் போவார். பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொள்வார்கள். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோவதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பிறகு மலாக்கா போனார். 1549-ல் ஜப்பான் போனார். ஜப்பானியர் சீனாவின் அறிவைப் பெரிதாக மதிப்பதை அங்கே கண்டார். சீனாவுக்கே போய்விட வேண்டும் என்று துடித்தார்.

படகு வரவில்லை

அன்று சீனாவில் அந்நியர் நுழையத் தடை. பிடிபட்டால் சிறை. சவேரியார் சாங்சுவான் தீவில் இறங்கினார். எதிரே சீனக் கரை. மிளகைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு, படகில் ரகசியமாகக் கொண்டுபோய் விடுவதாக ஒரு சீன வியாபாரி வாக்களித்திருந்தான். குறித்த நாளில் அவன் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

குளிர் வாட்டியது. காய்ச்சல் கண்டது. 1552 டிசம்பர் 3-ந் தேதி சவேரியார் இறந்தார். வயது 46. அந்தோணி என்ற சீனர் அருகில் இருந்தார்.

உடலைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். எலும்பையாவது எடுத்துப் போகலாம் என்ற எண்ணம். 1553 பிப்ரவரியில் தோண்டியபோது உடல் கெடாமல் இருந்ததாக அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. மலாக்காவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பின்னர் அங்கிருந்தும் எடுத்து, 1554 மார்ச்சில் கோவா கொண்டுவந்தார்கள். 1614-ல் வலது முன்கை மட்டும் ரோமுக்குப் போயிற்று. சோர்ந்துபோன அந்தக் கைதான்! 1622-ல் புனிதர் பட்டம் கிடைத்தது.

பேழை, கோவாவின் பொற்கொல்லர்கள் செய்தது. பளிங்கு மேடை, இத்தாலியில் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ அனுப்பியது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை உடலைக் கீழே இறக்கி, அருகிலுள்ள சே பேராலயத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். 2024 நவம்பரில் அப்படி இறக்கிய உடல், 2025 ஜனவரியில் திரும்பவும் மேடை ஏறியது.