அலெக்ஸாந்தர் கிரகாம் பெல்

ஒலியளவைக் குறிக்க நாம் வழங்கும் டெஸிபெல் என்னும் அலகு, ஓசை எட்டாதாரிடையே வாழ்ந்த ஒரு பெரியாரின் பெயரைத் தாங்கியது.

பெல் 1847-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் பேச்சுக்கலை ஆசிரியர்; அன்னையார் செவிப்புலன் குன்றியவர். சகோதரர் இருவரையும் க்ஷயரோகம் கவர்ந்துகொள்ள, குடும்பத்தார் 1870-இல் கானடா சென்றனர். பின்னர்ப் பெல் பாஸ்டன் நகரிற் காது கேளாதோர்க்குப் பேசக் கற்பித்தார். 1876-இல் டெலிபோனுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். மறு ஆண்டு, தம்மிடம் பயின்ற மேபெல் என்னும் செவிப்புலனற்ற நங்கையை மணந்தார். பெரும்புகழ் எய்திய பின்னும் தம்மைக் காது கேளாதோரின் ஆசிரியராகவே கருதினார். ஆயினும், அன்னார் கைச்சைகை மொழியை விடுத்து வாயாற் பேசவே வேண்டுமென அவர் வற்புறுத்தியது, அம்மக்களுட் பலரை இன்றும் வருத்துகின்றது.

1922-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் அவர் மறைந்தார். அடக்கத்தின்போது வட அமெரிக்காவின் டெலிபோன்கள் ஒரு நிமிஷம் மௌனமுற்றன. சில ஆண்டுகளில் பெல் டெலிபோன் ஆராய்ச்சிசாலையார் அவர் பெயரால் அலகை வகுத்தனர். பத்து டெஸிபெல் ஏறின் ஒலியின் ஆற்றல் பதின்மடங்காகும். செவிக்கோ ஏறக்குறைய இருமடங்காகவே தோன்றும். கருவி காட்டும் அளவைக்கொண்டே செவியின் அனுபவத்தை அறிந்துவிட இயலாது. பிறர் குறையை நம் செவியால் அளத்தலும் தகாதென்பதை அவர் சரிதத்தால் நாம் உணர்வோமாக.