மனிதம் காத்த வித்யார்த்தி

'வித்யார்த்தி' என்னும் சொல்லை இந்தி வகுப்பில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். மாணவர் என்பது அதன் பொருள். புகழ்பெற்ற இதழாசிரியராக உயர்ந்த பின்பும் அச்சொல்லைத் தம் பெயரோடு சேர்த்தே வழங்கியவர் கணேஷ் சங்கர் வித்யார்த்தி.

அவர் 1890ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் குவாலியர் சமஸ்தானத்தில் பள்ளியாசிரியராகப் பணியாற்றினார். வறுமையின் காரணமாகக் கணேஷ் சங்கரால் கல்லூரிப் படிப்பைத் தொடர இயலவில்லை. ஆயினும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. இதழ்களில் எழுதிப் பழகிய அவர், 1913இல் கான்பூரில் 'பிரதாப்' என்னும் இந்தி வார இதழைத் தொடங்கினார். உழவர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் துயரங்களை அவ்விதழ் அஞ்சாது எடுத்துரைத்தது. அதனால் ஆங்கில அரசு அவரைப் பலமுறை சிறையில் அடைத்தது.

பிரதாப் அலுவலகம் இளைஞர்களின் பயிற்சிக்கூடமாகவும் விளங்கியது. வீட்டைவிட்டு வெளியேறிக் கான்பூருக்கு வந்த பகத்சிங்குக்கு வித்யார்த்தி அங்கே பணி அளித்தார். பல்வந்த் என்னும் புனைபெயரில் அவர் எழுதினார்.

1931 மார்ச் 23ஆம் நாள் லாகூர்ச் சிறையில் பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். மறுநாள் கான்பூரில் கடையடைப்பு நடைபெற்றது. கடைகளை மூடுவது பற்றி எழுந்த பூசல், இந்து முஸ்லிம் கலவரமாக மூண்டது. வீடுகளும் கடைகளும் எரிந்தன. அண்டை வீட்டாரே ஒருவரை ஒருவர் கண்டு அஞ்சினர்.

வித்யார்த்தி அம்மாதத்தில்தான் சிறையிலிருந்து விடுதலை பெற்றிருந்தார். தம்மிடம் பணியாற்றிய இளைஞரை இழந்த துயரம் அவர் நெஞ்சிலும் இருந்தது. அத்துயரம் பகையாக மாற அவர் இடந்தரவில்லை. ஆயுதம் ஏதுமின்றித் தெருவில் இறங்கினார். இந்துக்கள் மிகுந்த பகுதிகளில் சிக்கித் தவித்த முஸ்லிம்களை மீட்டார். முஸ்லிம்கள் மிகுந்த பகுதிகளில் சிக்கித் தவித்த இந்துக்களையும் அவ்வாறே மீட்டார். ஆபத்தில் இருப்பவர் எச்சமயத்தார் என்று அவர் பார்க்கவில்லை. மார்ச் 25ஆம் நாள் அப்பணியில் ஈடுபட்டிருந்தபோதே கலவரக் கும்பலால் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 40. சில நாள்கள் கழித்தே அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. இன்று கான்பூர் மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கூட்டத்தோடு சேர்ந்து முழங்குதல் எளிது. தம்மவரே தவறு செய்யும்போது அவர்முன் நின்று தடுத்தல் அரிது. அவ்வரிய செயலைச் செய்பவரே தலைவர். உங்கள் வகுப்பில் பல மொழியினரும் பல சமயத்தாரும் அமர்ந்திருக்கின்றனர். ஒருவரை மற்றவர் இகழும்போது வாளாவிராமல் தடுப்பதற்கு வயது ஒரு தடையன்று.

சொற்பொருள்

இதழ் – பத்திரிகை
பூசல் – சண்டை
அரிது – கடினமானது
வாளாவிராமல் – சும்மா இராமல்

சிந்தித்து விடை எழுதுக

1. பிரதாப் இதழ் யாருடைய துயரங்களை எடுத்துரைத்தது?
2. கலவரத்தின்போது வித்யார்த்தி ஆற்றிய பணி யாது?
3. உம் வகுப்பில் பிற சமயத்து நண்பரை ஒருவர் இகழ்ந்தால் நீவிர் என்ன செய்வீர்? ஐந்து வரிகளில் எழுதுக.